அம்மாவின் பல் சிகிச்சைக்கு 92,000 ரூபாய் மதிப்பீடு: எதை உடனே செய்வது, பணத்துக்கு என்ன வழி?

தாம்பரம் வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு வயது 61. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். வலது பக்கக் கீழ்க் கடவாய்ப் பல்லில் இரவில் உறங்க முடியாத அளவுக்கு வலி வந்ததால், வீட்டுக்கு அருகில் உள்ள ஒரு தனியார் பல் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். ஐந்தாயிரமோ பத்தாயிரமோ ஆகும் என்று எண்ணிப் போன இடத்தில், வாய் முழுவதையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு 92,000 ரூபாய்க்கு ஒரு மதிப்பீட்டை அச்சிட்டுக் கையில் கொடுத்தார்கள்.

அதில் உள்ளவை பின்வருமாறு. வலிக்கும் பல்லுக்கு வேர் சிகிச்சை (ரூட் கேனல்) 7,000 ரூபாய், அதன் மேல் சிர்கோனியா என்ற பல் நிறப் பொருளால் ஆன கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை) 12,000 ரூபாய். இடது பக்க மேல் வரிசையில் கடைசிப் பல் ஆழமாகச் சொத்தையாகியிருக்கிறது; அதில் வலி இல்லை என்றாலும் அதற்கும் அதே சிகிச்சை, அதே 19,000 ரூபாய். இடது பக்கக் கீழ் வரிசையின் கடைசிப் பல் உடைந்து வேர் மட்டுமே மிஞ்சியிருப்பதால் அதைப் பிடுங்க 1,500 ரூபாய், அந்த இடத்தில் இம்பிளாண்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) வைத்துக் கேப் போட 40,000 ரூபாய். ஈறுகளை ஆழமாகச் சுத்தம் செய்ய 6,000 ரூபாய், மூன்று சிறிய சொத்தைகளை அடைக்க 4,500 ரூபாய், எக்ஸ்ரேக்களுக்கு 2,000 ரூபாய்.

எனக்குக் கையில் வரும் மாதச் சம்பளம் 45,000 ரூபாய்; சேமிப்பில் இருப்பது 25,000 ரூபாய். அலுவலகக் காப்பீட்டில் மனைவியும் குழந்தையும் உண்டு, அம்மா இல்லை. ஆறு மாத வட்டியில்லாத் தவணையில் கட்டலாம் என்றும், இந்த வாரத்துக்குள் கையெழுத்திட்டால் நல்லது என்றும் மருத்துவமனையில் சொல்கிறார்கள். அம்மாவோ, "இந்த வயதில் எனக்கு எதற்கு இவ்வளவு செலவு, எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிடு; இல்லையென்றால் என் வளையல்களை அடகு வை" என்கிறார். இவற்றில் எதை உடனே செய்ய வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம், இப்போது புதிதாகக் காப்பீடு எடுத்தால் பயன் உண்டா, தவணையை ஏற்கலாமா என்று விவரம் அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

திருச்சி பல் மருத்துவர் எழுதியது:

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குக் கிடைத்த மதிப்பீடு ஏமாற்று வேலை என்று நான் கருதவில்லை. வாயில் உள்ள குறைகள் அனைத்தையும் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் இருக்கும் வழிகளில் விலை கூடியதை எழுதியிருக்கிறார்கள். ஆனால் எது அவசரம், எது காத்திருக்கக்கூடியது, எது உங்கள் விருப்பத்தைப் பொறுத்தது என்று அந்தத் தாளில் பிரித்துக் காட்டவில்லை. அந்தப் பிரிப்பைச் செய்துவிட்டால் பணப் பிரச்சினையின் அளவே மாறிவிடும்.

வலிக்கும் பல் காத்திருக்காது. வலி திடீரென்று தானாக நின்றுவிட்டால்கூடப் பல் குணமாகிவிட்டது என்று பொருளல்ல. உள்ளே இருக்கும் நரம்பு இறந்து, வேரின் நுனியில் சீழ் கட்டத் தொடங்கியிருக்கலாம். மருந்துக் கடையில் சொல்லி வாங்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரை வீக்கத்தைச் சில நாள் அடக்குமே தவிர, தொற்றின் ஊற்றை அடைக்காது. சர்க்கரை நோயாளிக்குத் தொற்று விரைவாகப் பரவும் என்பதால், கன்னமோ தாடையின் அடிப்பகுதியோ வீங்கினால், காய்ச்சல் வந்தால், வாயைத் திறக்கவோ எச்சில் விழுங்கவோ சிரமம் ஏற்பட்டால், எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் பார்க்காமல் அன்றே பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அந்தப் பல்லுக்கு வேர் சிகிச்சையைத் தொடங்கி, உள்ளே சுத்தம் செய்து மருந்து வைத்துவிட்டாலே பெரும்பாலும் வலி அடங்கிவிடும். கேப்புக்கு உடனே பணம் கட்ட வேண்டியதில்லை. வேர் சிகிச்சை முடிந்த கடவாய்ப் பல் மெல்லும் அழுத்தத்தில் பிளந்துவிடக்கூடும் என்பதால் கேப் அவசியம்தான். ஆனால் பல்லின் மேற்பகுதியை நிலையான பொருளால் அடைத்துவிட்டு, முறுக்கு, கடலை போன்ற கடினமான பொருள்களை அந்தப் பக்கத்தில் கடிக்காமல் சில வாரங்கள் சமாளிக்கலாம். தற்காலிக அடைப்போடு மாதக்கணக்கில் விட்டுவிடுவதுதான் தவறு. அடைப்பு கசிந்தால் செய்த சிகிச்சை முழுவதும் வீணாகும். கேப்பில் சிர்கோனியா ஒன்றே வழி என்பதும் இல்லை. பின் வரிசைக் கடவாய்ப் பல்லுக்கு உலோகக் கேப்போ, உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய கேப்போ பல்லாண்டுகளாகப் போடப்பட்டு நன்றாக உழைத்துவருகிறது. யார் பார்க்கப் போகிறார்கள் அந்தப் பல்லை?

இனி இடது பக்கத்துக்கு வருவோம். இங்குள்ள இரண்டு பற்களையும் தனித்தனியாகப் பார்க்கக்கூடாது. கீழே உடைந்திருக்கும் கடைசிப் பல்லும், மேலே சொத்தையாகியிருக்கும் கடைசிப் பல்லும் ஒன்றோடொன்று மோதி அரைக்கும் இணை. கீழ்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் எதுவும் வைக்காவிட்டால், மேற்பல்லுக்கு அரைக்கும் வேலை அநேகமாக இராது; எதிரில் தடுப்பு இல்லாததால் அது காலப்போக்கில் சற்றுக் கீழே இறங்கவும் கூடும். ஆகவே 40,000 ரூபாய் இம்பிளாண்டா, வெற்றிடமா என்று முடிவு செய்த பிறகே, மேற்பல்லுக்கு 19,000 ரூபாய் செலவிடுவது பொருத்தமா என்று முடிவு செய்ய முடியும். முன்பற்களும் சிறு கடவாய்ப் பற்களும் முதல் பெரிய கடவாய்ப் பற்களும் உறுதியாக உள்ளவர்கள், கடைசிப் பல் ஒன்று இல்லாமலே வசதியாகச் சாப்பிடுகிறார்கள். கடைசியில் விழும் ஒவ்வொரு பல்லுக்கும் மாற்றுப் பல் கட்டியாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இம்பிளாண்டைப் பொறுத்தவரை உங்களுக்கு எப்படியும் அவகாசம் இருக்கிறது. பல்லைப் பிடுங்கிய குழி எலும்பால் நிரம்ப மூன்று நான்கு மாதங்கள் ஆகும். அதற்கு மேல், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு இம்பிளாண்ட் எலும்போடு சேர்வதில் சிக்கல் வரலாம் என்பதால், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைச் செய்து, அந்த அளவு குறையும் வரை காத்திருப்பதே நல்ல மருத்துவமும் ஆகும். ஈறு சுத்தத்தை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். ஈறு நோயும் சர்க்கரையும் ஒன்றையொன்று மோசமாக்குபவை.

அம்மா சொல்வதுபோல் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவது மலிவு என்று தோன்றும். வலிக்கும் பல் முதல் கடவாய்ப் பல்லாக இருந்தால், மெல்லும் வேலையில் பெரும் பங்கு அதனுடையது. அதைப் பிடுங்கினால் பக்கத்துப் பற்கள் அந்த இடைவெளியை நோக்கிச் சாயும். பிறகு பக்கத்துப் பற்களைத் தாங்கலாகக் கொண்டு பிரிட்ஜ் என்ற மாற்றுப் பல்லைக் கட்டவோ இம்பிளாண்ட் வைக்கவோ ஆகும் செலவு இன்றைய வேர் சிகிச்சையைவிடப் பல மடங்காகும். உடைந்த வேரை மட்டும் பிடுங்குங்கள்.

கணக்காளர் எழுதியது:

மருத்துவர் ஐயா பற்களைப் பார்த்துவிட்டார். நான் பணத்தைப் பார்க்கிறேன்.

காப்பீட்டைப் பற்றிய கேள்விக்கு விடை சுருக்கமானது. விபத்தில் ஏற்பட்ட காயத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்து செய்யும் பல் சிகிச்சையைத்தான் வழக்கமான மருத்துவக் காப்பீடுகள் ஏற்கின்றன. சொத்தைக்குப் புறநோயாளியாகச் செய்துகொள்ளும் வேர் சிகிச்சையும் கேப்பும் பெரும்பாலான பாலிசிகளில் வருவதில்லை. புறநோயாளிச் செலவையும் ஏற்கும் பாலிசிகள் உண்டு என்றாலும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருப்புக் காலம் விதிக்க நிறுவனங்களுக்கு அனுமதி இருப்பதால், இன்று எடுத்து இந்த மாதச் செலவுக்குப் பயன்படுத்த முடியாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். உங்கள் சம்பளத்துக்கு அது பொருந்தாது. காப்பீடு இல்லாத மூத்த குடிமக்களின் மருத்துவச் செலவுக்கு 50,000 ரூபாய் வரை வருமான வரிக் கழிவு உண்டு என்று யாராவது சொல்வார்கள். அது பழைய வரி முறையில் மட்டுமே செல்லும். புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வரியே இல்லாததால் உங்களுக்கு அதனால் ஒரு ரூபாயும் மிஞ்சாது.

இனி அந்த வட்டியில்லாத் தவணை. கையெழுத்திடுவதற்கு முன் வரவேற்பறையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "முழுத் தொகையையும் இன்றே கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள்?" குறைப்பதாகச் சொல்லும் தொகைதான் வட்டி. ஓர் எடுத்துக்காட்டு: 60,000 ரூபாய்ச் சிகிச்சை, மாதம் 10,000 வீதம் ஆறு தவணைகள், செயலாக்கக் கட்டணம் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதே சிகிச்சைக்கு ரொக்க விலை 55,000 ரூபாய் என்றால், நீங்கள் 55,000 ரூபாய்க்கு 61,000 ரூபாய் கட்டுகிறீர்கள். ஒவ்வொரு மாதமும் அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், இது ஆண்டுக்கு ஏறத்தாழ 37 சதவீத வட்டி. இதில் ஒரு தவணை தவறினால் அபராதம் தனி. கடன் தருவது மருத்துவமனை அல்ல, அதன் பின்னால் உள்ள ஒரு நிதி நிறுவனம் என்பதையும் மறக்க வேண்டாம். சிகிச்சை பாதியில் நின்றாலும், உங்களுக்கு மனக்குறை ஏற்பட்டாலும், தவணை நிற்காது. ஆண்டு வட்டி விகிதத்தையும் எல்லாக் கட்டணங்களையும் ஒரே தாளில் காட்டும் முக்கிய விவர அறிக்கையைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். இந்த வாரத்துக்குள் என்ற அவசரத்தையும் பொருட்படுத்த வேண்டாம்.

அம்மாவின் வளையலை அடகு வைப்பது உங்களுக்கு மனக்கஷ்டம் தரலாம். ஆனால் கணக்கில் அது தவணையைவிட மேல். வங்கி நகைக்கடனில் ஆண்டுக்கு 10 சதவீதம் என்று கொண்டால், 55,000 ரூபாய்க்கு ஆறு மாத வட்டி 2,750 ரூபாய்தான். பொதுத்துறை வங்கிக்கோ கூட்டுறவு வங்கிக்கோ செல்லுங்கள். தெருமுனை அடகுக் கடையில் இரண்டு ரூபாய் வட்டி, மூன்று ரூபாய் வட்டி என்று சொன்னால் அது மாத வட்டி, ஆண்டுக்கு 24, 36 சதவீதம். கடன் அட்டையில் தேய்த்துவிட்டுக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுவது இவை எல்லாவற்றையும்விட மோசம்.

என்றாலும், மருத்துவர் சொன்னபடி பிரித்துச் செய்தால் உங்களுக்குக் கடனே தேவைப்படாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வடசென்னைக்காரி எழுதியது:

தம்பி, தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் ஏறிக் கோட்டை நிலையத்தில் இறங்கினால், எதிரிலேயே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1953 முதல் நடந்துவரும் இடம். என் கணவருக்கு வேர் சிகிச்சை அங்குதான் செய்தோம். தனியாரோடு ஒப்பிட்டால் செலவு மிகவும் குறைவு.

ஆனால் அது எப்படி நடக்கும் என்று தெரிந்துகொண்டு செல்லுங்கள். காலையிலேயே சென்று ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும். முதலில் ஒரு பிரிவில் பரிசோதித்து எக்ஸ்ரே எடுத்த பிறகு, எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று எழுதித் தருவார்கள். மாணவர்கள் சிகிச்சை செய்வார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் ஆசிரியர் வந்து பார்த்துச் சரி என்ற பிறகே அடுத்த கட்டத்துக்குப் போவார்கள். அதனால் வேலையில் குறை இருக்காது என்பது என் அனுபவம், ஆனால் நேரம் பிடிக்கும். கடவாய்ப் பல்லில் மூன்று நான்கு வேர்க்கால்வாய்கள் இருப்பதால், பட்டமேற்படிப்பு மாணவர்களிடம் அனுப்ப முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அம்மா சர்க்கரை மாத்திரை போடுபவர் என்பதால், காலை உணவைத் தவிர்க்காமல் சாப்பிட வைத்து, கையில் சிறிது உணவும் எடுத்துச் செல்லுங்கள். அண்மையில் எடுத்த சர்க்கரைப் பரிசோதனை முடிவும் மாத்திரைச் சீட்டும் கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் பல் பிடுங்கும் பிரிவில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அவ்வளவு தூரம் அலைய முடியாது என்றால், பள்ளிக்கரணை, காட்டாங்குளத்தூர் பக்கம் உள்ள தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளும் இதே முறையில், வெளி மருத்துவமனைகளைவிடக் குறைந்த கட்டணத்தில் பார்க்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செலவுத் தொகையை அம்மாவின் எதிரில் இனிப் பேசாதீர்கள். நம் வீட்டுப் பெரியவர்களிடம் காசுக் கணக்கைச் சொல்லிவிட்டால், அடுத்த முறை வலித்தாலும் கிராம்பைக் கடித்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்துவிடுவார்கள்.

நெல்லை வாத்தியார் எழுதியது:

சகோதரி சொன்ன வழியைக் குறை கூறவில்லை. ஆனால் தனியார் வேலையில் இருப்பவர் திரும்பத் திரும்ப விடுப்பு எடுத்தால் சம்பளப் பிடித்தம் ஆகும். அதையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும். பெரிய பளபளப்பான மருத்துவமனைக்கும் அரசுக் கல்லூரிக்கும் நடுவே, பல ஆண்டுகளாக ஒரே தெருவில் தனியாக நடத்திவரும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். எடுத்த எக்ஸ்ரேயை வாங்கிக்கொண்டு அப்படிப்பட்ட ஒருவரிடம் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். எக்ஸ்ரேக்குப் பணம் கட்டியவர் நீங்கள். அதன் நகலைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். முதல் மருத்துவமனையின் மதிப்பீட்டை மட்டும் காட்டாதீர்கள். காட்டினால், அவர் பல்லைப் பார்ப்பதற்கு முன்பே அந்தத் தாளைப் பார்த்து விலை சொல்லத் தொடங்கிவிடுவார்.

தாம்பரம் வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா சொன்னபடி எக்ஸ்ரேயுடன் குரோம்பேட்டையில் ஒரு சிறிய மருத்துவமனைக்குச் சென்றோம். வலிக்கும் பல்லுக்கு வேர் சிகிச்சை தொடங்கிவிட்டார்கள். அம்மா இப்போது உறங்குகிறார். அதற்கு 4,500 ரூபாய், உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய கேப்புக்கு 4,500 ரூபாய், உடைந்த வேரைப் பிடுங்க 800 ரூபாய், ஈறு சுத்தத்துக்கு 1,500 ரூபாய் என்று சொன்னார்கள். மேல் வரிசைப் பல்லில் குளிர்ந்த பொருளை வைத்துச் சோதித்துவிட்டு, நரம்பு இன்னும் உயிரோடு இருப்பதாகவும், சொத்தையை நீக்கி மருந்து வைத்து அடைத்துப் பார்க்கலாம் என்றும் கூறினார்கள். மற்ற மூன்றோடு இதையும் சேர்த்து நான்கு அடைப்புகளுக்கு 4,000 ரூபாய். ஆக மொத்தம் 15,300 ரூபாய், சேமிப்புக்குள் அடங்கிவிடுகிறது. எச்பிஏ1சி 8.9 என்று அதிகமாக வந்திருப்பதால் சர்க்கரை மருத்துவரையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டு ஐயங்கள். முதல் இடத்தில் 92,000 என்று சொன்னதை இங்கே இவ்வளவு குறைவாக முடிப்பதால் தரம் குறையுமோ என்று மனைவி கேட்கிறார். கேப்பையும் ஈறு சுத்தத்தையும் எந்த வரிசையில் செய்வது?

திருச்சி பல் மருத்துவர் எழுதியது:

குறைந்த தொகையில் பெரும்பகுதி இம்பிளாண்டையும், ஒரு வேர் சிகிச்சையையும், இரண்டு சிர்கோனியா கேப்புகளையும் விட்டதால் குறைந்தது. வேர் சிகிச்சைக்கு 7,000 ரூபாய்க்குப் பதில் 4,500, ஈறு சுத்தத்துக்கு 6,000 ரூபாய்க்குப் பதில் 1,500 என்பதுபோல் விலையில் உள்ள வேறுபாடு அதில் சிறு பகுதிதான். வாடகையும் கருவிகளும் இடத்துக்கு இடம் மாறுவதால் அது இயல்பு. தரத்தை அறிய வேண்டுமானால், சிகிச்சை முடிந்ததும் எடுக்கும் எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லுங்கள். அடைப்பு ஒவ்வொரு வேரின் நுனி வரை சென்றிருக்கிறதா என்பதை அதில் நீங்களே பார்க்கலாம்.

மேல் வரிசைப் பல்லை அடைத்த பிறகும் அது வலிக்கத் தொடங்கினால், அப்போது வேர் சிகிச்சையோ பிடுங்குவதோ தேவைப்படும். அப்படி நடந்தால் அந்த மருத்துவரைக் குறை சொல்ல முடியாது. உயிருள்ள நரம்பைக் காப்பாற்றிப் பார்ப்பதில் அந்த நிச்சயமின்மை எப்போதும் உண்டு. ஆகவே சேமிப்பில் மிஞ்சும் 9,700 ரூபாயை வேறு செலவுக்கு எடுக்காமல் சில மாதங்கள் வைத்திருங்கள்.

வரிசையைப் பொறுத்தவரை, முதலில் வேர் சிகிச்சையை முடித்து நிலையான அடைப்பு வைக்கட்டும். அடுத்து ஈறு சுத்தம். ஈறு வீக்கம் வடிந்த பிறகு கேப்புக்கு அளவெடுத்தால்தான் விளிம்பு சரியாகப் பொருந்தும். உடைந்த வேரைப் பிடுங்கும் நாளுக்கு முன்பு சர்க்கரை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். அம்மா இரத்தம் உறையாமல் இருக்க ஏதேனும் மாத்திரை எடுத்தால், அதை நீங்களாக நிறுத்தாமல் இரண்டு மருத்துவர்களிடமும் சொல்லுங்கள். 4,500 ரூபாய் என்று சொன்ன வேர் சிகிச்சைக் கட்டணத்தில் மேற்பகுதி அடைப்பும் முடிவு எக்ஸ்ரேயும் அடங்குமா, தனியா என்பதை அடுத்த முறை செல்லும்போது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.